சூடேறாத என்ஜின்

மார்கழி பிறந்துவிட்டால் நீலகிரியில் கார் வைத்திருப்போரிடமிருந்து ஒரே மாதிரியான முறையீடு வரத் தொடங்கும். வெப்பங்காட்டியின் முள் பாதியைத் தொட மறுக்கிறது. ஹீட்டரைத் திருப்பினால் வெதுவெதுப்பான காற்றுகூட வருவதில்லை. எரிபொருள் மட்டும் வழக்கத்தைவிட விரைவாகத் தீர்ந்துபோகிறது. இதைப் பட்டறையில் சொன்னால், 'குளிர்காலத்தில் அப்படித்தான் இருக்கும். என்ஜின் சூடாகாமல் இருப்பது நல்லதுதானே' என்ற பதில் பெரும்பாலும் கிடைக்கும். இந்தப் பதிலின் இரு பகுதிகளும் தவறானவை.

முதலில், குளிர்காலம் என்ற காரணத்தை எடுத்துக்கொள்வோம். தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடப்பதும், வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்குவதும் உண்மை. ஆனால், கனடாவிலும் ரஷியாவிலும் மைனஸ் 30 டிகிரி செல்சியஸிலும் கார்கள் ஓடுகின்றன. அங்கும் புறப்பட்டுச் சில கிலோமீட்டர் சென்றபின் என்ஜினுக்குள் சுழலும் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 85 முதல் 100 டிகிரிக்குள் வந்து நிலைகொள்கிறது. வெளிக்குளிர், என்ஜின் சூடேறும் நேரத்தை நீட்டிக்கும். சூடேறவே விடாமல் தடுக்கும் ஆற்றல் உதகையின் குளிருக்கு இல்லை. அரை மணி நேரம் ஓடிய பின்னும் என்ஜின் குளிர்ந்தே இருந்தால் அது பருவநிலையின் குற்றம் அன்று, பழுது.

என்ஜினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கே சக்கரங்களை நோக்கிச் செல்கிறது. ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சிய பங்கைக் குளிர்விக்கும் நீர் வாங்கிக்கொண்டு ரேடியேட்டரில் கொட்டுகிறது. எவ்வளவு கொட்டலாம், எப்போது கொட்டலாம் என்பதை முடிவு செய்யும் வாயிற்காவலன்தான் தெர்மோஸ்டாட் எனப்படும் சிறிய வால்வு. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும். நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் என்ஜினுக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் மட்டுமே சுற்றும். நீர் 82 டிகிரியையோ 88 டிகிரியையோ எட்டும்போது வால்வு மெல்லத் திறக்கத் தொடங்கும். மேலும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறினால் முழுமையாகத் திறந்துவிடும். இதற்கு மின்சாரமும் தேவையில்லை, கணினியும் தேவையில்லை. ஒரு சிறு செப்புக் குப்பியில் அடைக்கப்பட்ட மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ளுகிறது. குளிர்ந்தால் ஸ்பிரிங் அதைத் திரும்ப மூடுகிறது. 1934-ஆம் ஆண்டில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் கண்டறிந்த இந்த மெழுகு நுட்பம், அடிப்படையில் மாற்றமின்றி இன்றும் கார்களில் பயன்படுகிறது. புதிய கார்கள் சிலவற்றில் மெழுகைச் சூடாக்க ஒரு மின்கம்பியும் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவே.

இந்த வால்வு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால், நீர் முதல் நொடியிலிருந்தே ரேடியேட்டருக்குச் சென்று குளிர்ந்து திரும்பும். சூடேறாத என்ஜின்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம். ஆனால், நம் ஊரில் இதற்கு இணையான இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டுக் கையேடுகளில் அதைக் காண முடியாது. திறந்து பார்த்தால் அந்த இடத்தில் தெர்மோஸ்டாட்டே இருக்காது.

சமவெளிப் பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பல ஆண்டுகளாகத் தொடரும் பழக்கம். அதற்கு ஒரு வரலாற்று நியாயம் இருந்தது. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்தில் கூலன்ட் என்ற பேச்சே அரிது. கிணற்று நீரையும் குழாய் நீரையும் ஊற்றியதால் துருவும் உப்பும் படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். வால்வு துருப்பிடித்து மூடிய நிலையில் நின்றுவிடும். சித்திரை வெயிலில் நடுவழியில் நீர் கொதித்து ஆவி கிளம்பும். வால்வைக் கழற்றினால் அந்த ஆபத்துகளில் ஒன்றாவது குறைந்தது. ஓட்டுநர் நிம்மதியடைந்தார், மெக்கானிக் பெயர் வாங்கினார். அந்தக் கார்கள் தெருவை விட்டுப் போய்விட்டன. பழக்கம் மட்டும் போகவில்லை. 'நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை' என்று இன்றும் பயிற்சி பெற்றவர்களே சொல்லக் கேட்கிறேன்.

இன்றைய என்ஜின்கள் பலவற்றில் இந்த வைத்தியம் நேர்மாறான விளைவையே தரும். அவற்றில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, என்ஜினுக்குள் சுற்றும் குறுக்கு வழியை அதன் அடித்தட்டு அடைத்துவிடும். வால்வே இல்லையென்றால் குறுக்கு வழி எப்போதும் திறந்திருக்கும். நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே சுற்றிவரும். விளைவாக, அந்தக் கார் குளிர்காலத்தில் சூடேறாது. கோடையில் மலையேறும்போது அதே கார் அளவுக்கு மீறிச் சூடாகும். வெப்பத்துக்கு அஞ்சிக் கழற்றிய வால்வினாலேயே வெப்பம் மிகுவதை உரிமையாளருக்குப் புரியவைப்பதுதான் கடினம்.

சமவெளியில் இந்தக் குறை பெரும்பாலும் மறைந்தே இருக்கும். மதுரையின் நெரிசலில் 35 டிகிரி வெயிலில் ஊர்ந்து செல்லும் காரின் முள், வால்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாதிக்கு வந்துவிடும். அந்தக் கார் கைமாறி குன்னூருக்கோ கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ வந்து, முதல் குளிர்காலத்தைச் சந்திக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

இனி, சூடாகாமல் இருப்பது நல்லதுதானே என்ற இரண்டாவது பகுதி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்பதைப் பலர் நம்ப மறுப்பார்கள்; வேதியியல் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. சூடான என்ஜினில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். குளிர்ந்த என்ஜினில் அதில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர்களிலும் ஆயில் தொட்டியிலும் நீராகப் படியும். எரிதலின்போது உண்டாகும் அமிலங்கள் அந்த நீரில் கரைந்து உலோகத்தை அரிக்கும். சிலிண்டர் தேய்மானத்தில் உராய்வைப் போலவே இந்தக் குளிர் அரிப்புக்கும் பெரும் பங்குண்டு என்பதை 1930-களிலேயே பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக, தயிரேடு போன்ற பசை ஒட்டியிருந்தால், ஆயிலில் நீர் கலந்து நிற்கிறது என்று பொருள். இதைக் கண்டவுடன் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று என்ஜினைப் பிரிக்கச் சொல்வோரும் உண்டு. கூலன்ட் அளவு குறையாமல், மூடியில் மட்டும் பசை இருந்தால், முதலில் ஐயுற வேண்டியது சூடேறாமையைத்தான்.

எரிபொருள் செலவு அடுத்தது. என்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று சென்சார் சொல்லும்வரை கணினி கூடுதலாகப் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலை நீர்க்கச் செய்யும். புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றி வேலை செய்ய 250 டிகிரிக்கு மேற்பட்ட சூடு வேண்டும், அதுவும் தாமதமாகும்.

டீசல் காரில் நிலைமை இன்னும் மோசம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிகளுக்கு உட்பட்ட டீசல் கார்களில் கரித்துகள் வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரியை அவ்வப்போது எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் ஏற்பாடு, என்ஜின் போதிய சூட்டில் இருந்தால் மட்டுமே தொடங்கும். கோத்தகிரியைச் சேர்ந்த ஒருவர் சமவெளியில் வாங்கிய பழைய டீசல் காரை அண்மையில் என்னிடம் காட்டினார். வடிகட்டி எச்சரிக்கை விளக்கு திரும்பத் திரும்ப எரிந்ததால், அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய இருமுறை பெருந்தொகை செலவிட்டிருந்தார். யாரும் என்ஜினின் வெப்பநிலையைப் பார்க்கவில்லை. கருவியைப் பொருத்திச் சமதளச் சாலையில் ஓட்டியபோது அது 65 டிகிரியைத் தாண்டவில்லை. தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்தால் உள்ளே வெளி வளையம் மட்டும் இருந்தது. நீர் கசியாமல் இருக்க வளையத்தை விட்டுவிட்டு, நடுவில் இருந்த வால்வை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். புதிய வால்வின் விலை, அவர் செலவிட்டதில் மிகச் சிறு பகுதி. அதைப் பொருத்திய பிறகு விளக்கு எரியவில்லை.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் இதில் உண்டு. மலைப்பாதையில் பனிமூட்டத்தில் இறங்கும்போது முன்கண்ணாடியின் உட்புறம் மூச்சுக்காற்றின் ஈரத்தால் மங்கிப்போகும். அதை விரட்டச் சூடான காற்று வேண்டும். சூடேறாத என்ஜினால் அதைத் தர முடியாது. ஒரு கையால் துணி கொண்டு கண்ணாடியைத் துடைத்தபடி, மறு கையால் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும் ஓட்டுநர்களை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கிறேன். ஹீட்டரை ஆடம்பரம் என்று கருதும் மனப்பான்மை சமவெளிக்குப் பொருந்தலாம், மலைக்குப் பொருந்தாது.

சரி, எப்படிக் கண்டறிவது?

பழுதே இல்லாத இரு சூழல்களை முதலில் விலக்கிவிட வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர், பள்ளியிலிருந்து கடைக்கு ஒரு கிலோமீட்டர் என்று மட்டுமே ஓடும் கார், நல்ல நிலையில் இருந்தாலும் குளிர்காலத்தில் முழுச் சூட்டை அடையாது. அதற்கு மருந்து வாரம் ஒருமுறையாவது ஒரு நெடிய ஓட்டம். மற்றொன்று, இறக்கம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் இறங்குகிறோம். கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்துவிட்டால் எரிபொருள் தெளிப்பே நின்றுவிடும். நெருப்பில்லாத அடுப்பு எப்படிச் சூடாகும்? குறிப்பாக டீசல் காரில், ஹீட்டரையும் போட்டிருந்தால், முள் சற்று இறங்குவது இயல்பு. நலமான என்ஜினில் வால்வு மூடிக்கொள்வதால் அது சிறிதே இறங்கும்; சமதளம் வந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஓரிரு நிமிடங்களில் மீண்டுவிடும். நோயுற்ற என்ஜினில் முள் அடிமட்டத்துக்குச் சரிந்து, மீள நெடுநேரம் எடுக்கும். நெரிசலில் நின்றால் ஏறுவதும், வேகமெடுத்தால் இறங்குவதுமாக முள் ஊசலாடினால், தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம்.

அடுத்து, எதையும் தொடுவதற்கு முன் கூலன்ட் அளவு. காலையில், என்ஜின் முற்றிலும் குளிர்ந்த நிலையில் மட்டுமே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். இந்தச் சோதனையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கூலன்ட் வெகுவாகக் குறைந்திருந்தால் சென்சாரின் முனை நீரில் இல்லாமல் காற்றில் தொங்கக்கூடும். அப்போது முள் 'குளிர்' என்று காட்டும். ஹீட்டரிலும் நீர் இல்லாததால் குளிர்காற்றே வரும். ஆனால், என்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். சூடேறாத என்ஜினின் எல்லா அறிகுறிகளையும் காட்டிக்கொண்டே ஒரு என்ஜின் கருகிப்போக முடியும். சேமிப்புத் தொட்டியில் மட்டும் பார்த்து நிறைவடையக் கூடாது. மூடி பழுதாகியிருந்தால் தொட்டியில் அளவு சரியாக இருக்க, ரேடியேட்டர் காலியாக இருக்கும்.

அளவு சரியென்றால், முள்ளையும் ஹீட்டரையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். முள் கீழே இருக்கிறது, ஆனால் ஹீட்டரில் சுடுகாற்று வருகிறது என்றால், என்ஜின் உண்மையில் சூடாகத்தான் இருக்கிறது. பொய் சொல்வது சென்சாரோ, அதன் கம்பியோ, முள்ளோ. முள்ளும் கீழே, ஹீட்டரும் குளிர் என்றால் என்ஜின் மெய்யாகவே குளிர்ந்திருக்கிறது. முள் சரியான இடத்தில் நிற்கிறது, ஹீட்டர் மட்டும் குளிர் என்றால் ஹீட்டருக்குள்தான் கோளாறு. அதற்குள் செல்லும் குழாய் சூடாகவும் வெளிவரும் குழாய் குளிர்ந்தும் இருந்தால் உள்ளே அடைப்பு. இரண்டும் சூடாக இருந்தால் காற்றைத் திருப்பும் உட்கதவு வேலை செய்யவில்லை. கருவி எதுவும் இல்லாமல், கையும் கண்ணும் கொண்டே இந்த மூன்றையும் பிரித்தறியலாம்.

முள்ளே இல்லாத கார்கள் இப்போது பெருகிவிட்டன. குளிர்ந்திருந்தால் ஒரு நீல விளக்கு, அளவுக்கு மீறினால் ஒரு சிவப்பு விளக்கு, நடுவில் எதுவுமில்லை. நீல விளக்கு அணைந்துவிட்டால் என்ஜின் முழுச் சூட்டை அடைந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது; அதற்கு வெகு முன்பே அது அணைந்துவிடும். சிறு செலவை மிச்சப்படுத்த ஓட்டுநரின் கண்ணைக் கட்டிவிட்ட ஏற்பாடு இது என்பது என் கருத்து. முள் உள்ள கார்களிலும், 75 முதல் 105 டிகிரிவரை அசையாமல் நடுவில் நிற்கும்படி அதைப் பழக்கியிருப்பார்கள். ஆகவே, முள் நடுவில் நின்றாலும் என்ஜின் பத்து டிகிரி குறைவாக ஓடிக்கொண்டிருக்கலாம்.

இந்த இடத்தில்தான் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சோதனை இணைப்பில் பொருத்தும் சிறு கருவி உதவுகிறது. கைப்பேசியோடு புளூடூத்தில் இணையும் எளிய வகை ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. பி0128 என்ற குறியீடு தென்பட்டால், கூலன்ட் உரிய நேரத்தில் உரிய வெப்பத்தை எட்டவில்லை என்று கணினியே முறையிட்டிருக்கிறது. பலர் இந்தக் குறியீட்டைக் கண்டதும் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். கடையில் எளிதில் கிடைக்கும் பொருள் அது என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. சென்சாரைச் சந்தேகிக்கும் முன் ஒரு எளிய சோதனை போதும். இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, கூலன்ட் வெப்பநிலையையும் என்ஜின் இழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் ஓரிரு டிகிரி வேறுபாட்டில் ஒத்திருக்க வேண்டும். காற்று 8 டிகிரி, கூலன்ட் மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் சென்சாரின் கம்பி அறுந்திருக்கிறது, இணைப்பு கழன்றிருக்கலாம். பெரும்பாலான கார்களில் 20 டிகிரியில் இந்தச் சென்சாரின் மின்தடை 2,000 முதல் 3,000 ஓம். 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். வெப்பம் கூடினால் தடை குறையும் என்பதால், இணைப்பில் பச்சை பூத்துத் தடை கூடினால் கணினிக்கு என்ஜின் உள்ளதைவிடக் குளிர்ந்ததாகவே தெரியும். மலையின் ஈரத்தில் இது அடிக்கடி நேர்கிறது. இணைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும்.

தெர்மோஸ்டாட்டுக்கான சோதனை அதே காலையில் தொடரலாம். என்ஜினை இயக்கிவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருங்கள். ஃபேன் எந்நேரமும் சுழலத் தொடங்கும் என்பதால் கையும் துண்டும் அதன் அருகே போகக் கூடாது. நல்ல வால்வு என்றால் பல நிமிடங்கள் ஹோஸ் சில்லென்றே இருக்கும். பின்னர் சட்டென்று சூடாகும். தொடக்கத்திலிருந்தே ஹோஸ் மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகிக்கொண்டு வந்தால் வால்வு திறந்து கிடக்கிறது. சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸின் பக்கம் இருக்கும். அங்கே கீழ் ஹோஸைத்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பளபளப்பான அலுமினியத்தின் மீது காட்டினால் அது உண்மையைவிடக் குறைத்தே சொல்லும். ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி அதன்மீது அளந்தால் சரியாக வரும்.

ஃபேன் மீதும் பழி விழுவதுண்டு. எங்கள் தொழிலில் 'டைரக்ட்' என்றொரு சொல் உண்டு. ஃபேனின் ரிலேயோ சென்சாரோ பழுதானால் அதைச் சீர்செய்யாமல், சாவி திருப்பியதும் ஃபேன் ஓடும்படி கம்பியை நேராக இணைத்துவிடுவதைக் குறிக்கும். அது கண்டிக்கத்தக்க வேலைதான். எனினும், தெர்மோஸ்டாட் நலமாக இருந்தால், ஃபேன் ஓயாமல் ஓடினாலும் என்ஜின் பெரிதாகக் குளிராது. மூடிய வால்வுக்கு அப்பால் ரேடியேட்டரை எவ்வளவு விசிறினாலும் அது என்ஜினை எட்டாது. எனவே, ஃபேனைச் சரிசெய்துவிட்டு வால்வை மறந்துவிட வேண்டாம். சென்சார் செத்துப்போனால் பாதுகாப்புக்காகக் கணினியே ஃபேனை இடைவிடாமல் ஓட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மலைப்பகுதி லாரி ஓட்டுநர்கள் ரேடியேட்டருக்கு முன் அட்டையையோ சாக்கையோ கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு வகையில் நல்ல சோதனை. அட்டையால் பாதி மறைத்ததும் வெப்பம் ஏறினால், ரேடியேட்டர் வழியே வெப்பம் கசிகிறது, அதாவது வால்வு மூடவில்லை என்று தெரிந்துவிடும். சோதனையாக மட்டும் இருக்கட்டும். அட்டையை மறந்துவிட்டு பர்லியாறிலிருந்து குன்னூருக்குச் சுமையோடு ஏறினால் எதிர்விளைவைச் சந்திக்க நேரும்.

கழற்றிய வால்வைச் சோதிப்பது எளிது. அதன் விளிம்பில் திறக்கும் வெப்பநிலை பொறிக்கப்பட்டிருக்கும். அடுப்பில் ஒரு பாத்திரத்தில் நீரை வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடேற்ற வேண்டும். குளிர்ந்த நிலையில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இடைவெளி தெரியக் கூடாது; பொறித்த எண்ணுக்கு ஓரிரு டிகிரி முன்பின்னாகத் திறக்கத் தொடங்க வேண்டும். இதில் உதகைக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடேறாது. 88 டிகிரி வால்வு அந்தக் கொதிநீரில் பாதிதான் திறக்கும். கொதிக்கும் நீரிலேயே முழுமையாகத் திறக்கவில்லை என்று நல்ல வால்வைக் குப்பையில் எறிவது இந்த ஊரில் நடப்பதுண்டு. காருக்குள் அந்தச் சிக்கல் இல்லை. ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைத்து நீரின் கொதிநிலையை உயர்த்திவிடுகிறது. மலையில் அந்த மூடியின் ரப்பர் நலமாக இருப்பது சமவெளியைவிட முக்கியம்.

புதியது வாங்கும்போது கையேட்டில் சொன்ன அதே வெப்பநிலை உள்ளதையே வாங்க வேண்டும். வெப்பநாடுகளுக்கென 76 டிகிரி அளவில் திறக்கும் வகைகளும் கடையில் உண்டு. 'இது இன்னும் குளிர்ச்சி' என்று விற்பார்கள். உங்கள் என்ஜினுக்கு 88 டிகிரி என்று விதித்திருந்தால், 76 டிகிரி வால்வு புதிதாகவே பழுதான வால்வுக்கு ஒப்பாகும். விலை, எளிய கார்களுக்குச் சில நூறு ரூபாயில் தொடங்குகிறது. பிளாஸ்டிக் கூட்டோடு ஒன்றாக வரும் வகை ஆயிரங்களில். பட்டறையிலிருந்து பழைய வால்வைக் கேட்டு வாங்குங்கள். அவர்களிடம் தருவதற்கு எதுவும் இல்லையென்றால், முன்பே யாரோ கழற்றிவிட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். பழைய கார் வாங்குவோரும் டயரையும் பெயின்ட்டையும் பார்ப்பதோடு, அரை மணி நேரம் ஓட்டி, கருவியில் கூலன்ட் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.

பொருத்தும்போது மெழுகுக் குப்பியும் ஸ்பிரிங்கும் உள்ள பக்கம் என்ஜினை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் பொருத்தினால் சூடான நீர் மெழுகைத் தொடாது, வால்வு திறக்காது. தட்டில் சிறு துளையும் ஆடும் ஊசியும் இருந்தால் அது மேற்பக்கம் வர வேண்டும். காற்று வெளியேற அமைத்த வழி அது. கூலன்டை வெறும் நீராக ஊற்றாமல் பாதிக்குப் பாதி கலந்து ஊற்ற வேண்டும். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடையும். உறைபனி விழும் பள்ளத்தாக்கில் இரவெல்லாம் வெளியே நிற்கும் காருக்கு இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. காரின் முன்பக்கம் உயர்ந்திருக்குமாறு சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சூடாகி ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை என்ஜினை இயக்கினால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறிவிடும். மறுநாள் காலை, என்ஜின் குளிர்ந்த பிறகு மூடியைத் திறந்தால் அளவு சற்று இறங்கியிருக்கும். குறைந்த அளவை நிரப்பி மூடிவிட்டு, அடுத்த இறக்கத்தில் முள்ளைக் கவனியுங்கள்.